பாலத்தில் இறங்கினாலும் நூறு பாட்

தாய்லாந்தில் பஸ், ரயில் எல்லாவற்றிலும் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் என்று கட்டுரையில் பொத்தாம்பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பாங்காக்கின் மேம்பால ரயிலான ஸ்கைட்ரெயினிலும் சாவோ பிரயா ஆற்றின் ஆரஞ்சுக் கொடிப் படகிலும் டிக்கெட் எடுக்க யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை.

நீங்கள் சொல்வது பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து ‘நாம் டோக்’ என்ற ஊருக்குப் போகும் ரயிலுக்குத்தான் பொருந்தும். மூன்றாம் வகுப்பு, ஃபேன் காற்று, திறந்த ஜன்னல். வெளிநாட்டவருக்கு எங்கே ஏறினாலும் 100 பாட் (தாய்லாந்து நாணயம்). காஞ்சனபுரியில் ஏறி அடுத்த நிறுத்தமான குவாய் பாலத்தில் இறங்கினாலும் அதேதான். தாய்லாந்துக்காரர்களுக்கு அதில் ஒரு பங்குதான். சில ஆண்டுகள் அவர்களுக்கு இலவசமாகவே ஓடியது. இத்தனைக்கும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன ஆயிரக்கணக்கான தமிழர்கள் மாண்டு, 1943இல் முடிந்த மரண ரயில் பாதை அது. அதில் நாமும் வெளிநாட்டவர்தான், சரி.

உள்ளூர்க்காரர்களின் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் மானியம் அவர்கள் வரிப்பணம், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் பூங்கா வாசல்களில் உள்ளூர் விலையைத் தாய்லாந்து மொழி எண்களில் எழுதி, நம் விலையை மட்டும் புரிகிற எண்ணில் போடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. வெளிப்படையாகவே எழுதலாமே!