நகல் என்று சொன்னவருக்கு

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் ஞாயிறு மாலை நடந்தது இதுதான். கூத்துப் பழக்கும் குருவான அண்ணாவியாரிடம் கற்ற பிள்ளைகள் ஆடி முடித்து வியர்வைகூடக் காயவில்லை, பிரதம அதிதி ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். "அண்ணாவியாரை அப்படியே நகலெடுத்திருக்கிறீர்கள். உங்கள் சொந்தச் சரக்கு எங்கே?" சபையும் கைதட்டியது.

ஐயா, கூத்தை வேறு எப்படிப் பழகுவது? அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்வார், பிள்ளை திருப்பிச் சொல்லும். அவர் கால் வைத்த மாதிரியே தன் காலை வைக்கும். அது உடம்பில் ஊறிய பிறகுதானே சொந்தம் என்று ஒன்று வரும்? பார்த்துச் செய்யாமல் பழகியவர் யாராவது இருந்தால் காட்டுங்கள்.

சரித்திரம் வேண்டுமா? நம் கூத்திலிருந்து கிளைத்தது சிங்களத்தின் 'நாடகம' என்ற பாட்டு நாடக மரபு. அதை எடுத்துத்தான் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். அந்த உந்துதலில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் நம் கூத்தைப் புதுக்கி, 1964இல் 'இராவணேசன்' கூத்தைத் தந்தார். இதில் யார் யாருக்கு நகல்? இதையெல்லாம் மேடையில் பெருமையாகப் பேசும் அதே வாய், 16 வயதுப் பிள்ளையைக் கண்டால் மட்டும் நகல் என்கிறது.

"அப்படியானால் காலம் முழுக்கக் காப்பியடிக்கலாமா?" என்று சிலர் கிளம்புவீர்கள். அடுத்தவன் கவிதையைத் தன் பெயரில் போடுகிறவன் திருடன். அது வேறு வழக்கு. குருவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆடுகிற பிள்ளையை அந்தக் கூண்டில் ஏற்றாதீர்கள். புதுமை இல்லாவிட்டால் கலை செத்துவிடுமாம். பழக ஆளில்லாவிட்டால் அதற்கு முன்பே செத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், நகல் என்று சொன்ன அந்த அதிதி பேசியது தமிழகத்துப் பட்டிமன்றக் குரலில். ஏற்றம், இறக்கம், கைதட்டலுக்கு விடும் இடைவெளி எல்லாம் அங்கிருந்து வந்தவை. வீட்டில் அவர் அப்படிப் பேசமாட்டார் என்று சத்தியமே செய்வேன்.

கொழும்பில் நாம் எல்லோரும் அப்படித்தான். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர் கொஞ்ச நாளில் தன் பேச்சைத் தேய்த்துக்கொள்கிறார். மலையகப் பிள்ளை கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் யாழ்ப்பாணத்தாரைப் போலப் பேசப் பார்க்கிறது, கேட்டுச் சிரிக்கிறோம். தன் பேச்சோடு இருந்தால் நாம் அதை எப்படி நடத்தியிருப்போம் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

என் அப்பா, புறக்கோட்டைக் கடையில் கூட வேலை செய்த சிங்கள நண்பர்களைப் பார்த்து, அவர்களைப் போலவே சிங்களம் பேசப் பழகியவர். உச்சரிப்பு, கையசைவு, வெற்றிலை மடிக்கிற விதம் வரைக்கும். உறவினர்கள் கேலி செய்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில், தமிழரைக் கண்டுபிடிக்க ஆட்களை மறித்துப் பேசவைத்துப் பிரித்த தெருக்களைக் கடந்து, அந்தப் பேச்சோடுதான் அவர் வீடு வந்து சேர்ந்தார். ஒலிவாங்கி இல்லாத இடத்தில் வந்து, அதையும் நகல் என்று என்னிடம் சொல்லுங்கள், பார்ப்போம்.