மினிட்ஸ் யார் எழுதுவது?

மீட்டிங் தொடங்கும்போது "யாராவது மினிட்ஸ் எழுதுங்களேன்" என்று ஒரு குரல் வரும். சட்டென்று எல்லோரும் லேப்டாப்பை உற்றுப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கடைசியில் யார் தலையில் விழும் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும். பிரிவுபசாரத்துக்குப் பணம் வசூலிப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலை பழக்குவது எல்லாம் இதே ரகம். யாராவது செய்தே ஆக வேண்டும், ஆனால் அப்ரைசலில் ஒரு வரிகூட வராது.

ஏன் எப்போதும் பெண்கள் தலையிலேயே என்று கேட்டால், "பெண்களுக்கு இதெல்லாம் இயல்பாக வரும்" என்பார்கள். வராது. பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு பேர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மூன்று பேராகக் குழு சேர்த்து, இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். ஒருவர் பட்டனை அழுத்தினால் மூவருக்கும் கூடுதல் பணம். அழுத்தியவருக்கு மட்டும் மற்ற இருவரைவிடக் குறைவு. ஆண்களும் பெண்களும் கலந்திருந்தபோது பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் வேலை நின்றுபோனதா என்றால் இல்லை, பெண்கள் மட்டும் இருந்த குழுக்களைப் போலவே அங்கேயும் நடந்தது. பக்கத்தில் ஒரு பெண் இருந்தால்தான் கை எழவில்லை! வேலையை இன்னொருவரிடம் கேட்டு வாங்கும் பொறுப்பைக் கொடுத்தபோது, ஆண் பெண் இரு தரப்புமே பெண்களிடம்தான் அதிகம் கேட்டார்கள்.

அதனால்தான் "முடியாது என்று சொல்லப் பழகுங்கள்" என்ற அறிவுரையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஒருத்தி மறுத்தால் அவளுக்கு 'ஒத்துழைக்காதவள்' என்று பெயர், வேலை இன்னொருத்தியின் மேசைக்குப் போகும். முறை வைத்துவிட்டால் பேச்சே இல்லை. பெயர்களை வரிசையாக எழுதி ஒட்டுங்கள், மேனேஜர் பெயரும் சேர்த்து.

பதவிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் நடப்பது இன்னும் நுணுக்கமானது. உளவியல் ஆய்வாளர்கள் எரிக் ஊல்மன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2005இல் இதைக் காட்டினார்கள். போலீஸ் தலைமைப் பதவிக்கு வந்த ஒரு விண்ணப்பத்தை மதிப்பிடச் சொன்னார்கள். சிலருக்கு அது ஓர் ஆணுடையது, சிலருக்கு ஒரு பெண்ணுடையது. ஆணிடம் படிப்பு இருந்தால், படிப்புதான் முக்கியம் என்றார்கள். அதே படிப்பு பெண்ணிடம் இருந்தால் அதன் மதிப்பு இறங்கிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நேர்மையாகத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று மனதார நம்பினார்கள், அதுதான் பயமே. ஆனால் விண்ணப்பங்களைப் பார்க்கும் முன்பே எது முக்கியம் என்று முடிவு செய்யவைத்தபோது அந்தப் பாரபட்சம் மறைந்துபோனது.

ஆண்டுக்கொரு முறை ஸ்லைடு போட்டு விழிப்புணர்வு வகுப்பு எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஃபைலைத் திறக்கும் முன் தகுதிகளை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் மாற்ற நினைப்பவர், ஏன் என்று அதே தாளில் எழுதட்டும்.