டேப்பட் சத்தத்துக்குக் கெட்டி ஆயில் தீர்வல்ல

"பழைய மாருதி 800-ல் டிக் டிக் சத்தமா, 20டபிள்யூ-50 கெட்டி ஆயில் ஊற்றுங்க, சரியாகிடும்" என்று நண்பர் ஒருவர் சொல்வது தப்பு. டேப்பட் என்பது என்ஜின் வால்வைத் தள்ளித் திறக்கும் இடத்து அமைப்பு, அங்கே இடைவெளி கூடினால் இந்தச் சத்தம் வரும். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், அவ்வளவுதான். அந்த 796 சிசி என்ஜினில் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் கிடையாது, வால்வைத் தள்ளும் ராக்கர் முனையில் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான், அதனால் தேய்ந்து இடைவெளி கூடினால் என்ஜின் ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். சத்தமே வரக்கூடாது என்று இறுக்கி வைக்கிற மெக்கானிக்குகளும் உண்டு, அது இன்னும் மோசம்: வால்வு முழுதாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். லேசாகச் சத்தம் இருப்பதே நல்லது.

அதற்கு முன்னால் அது டேப்பட்தானா என்று பாருங்கள். குளிர்ந்த என்ஜினில் கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட் கசிவாக இருக்கலாம், பிஸ்டன் தட்டுவதாகவும் இருக்கலாம். சூடான பிறகு அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்தால், என்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றி எர்த் செய்து (என்ஜின் உலோகத்தோடு இணைத்து), திரும்ப ஸ்டார்ட் செய்து கேளுங்கள், மூன்று சிலிண்டர்களின் வயரையும் இப்படி ஒவ்வொன்றாக. ஒரு சிலிண்டரில் மட்டும் சத்தம் சட்டென்று குறைந்தால் அதன் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்டோடு சேரும் இடத்து பேரிங்) மேல் சந்தேகப்படலாம், டேப்பட் சத்தம் இதற்கெல்லாம் மாறாது. கூடவே ஆயில் லைட்டும் மினுக்கினால் வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.