கவிஞனாக இருக்க எவ்வளவு செலவாகும்?

ஆங்கில இலக்கியம் படித்தவர்களிடம் ரொமான்டிக் காலம் (சுமார் இருநூறு வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்துக் கவிதைக் காலம்) என்று சொன்னால் போதும், டாஃபடில் பூ, நைட்டிங்கேல் பறவை, ஏரி, மலை என்று அடுக்குவார்கள். காசைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கோ அந்தக் கவிதைகளை எடுத்தாலே முதலில் வரும் சந்தேகம், இவர்களுக்கெல்லாம் யார் சோறு போட்டார்கள் என்பதுதான்.

அந்தக் காலக் கவிஞர்களில் வேர்ட்ஸ்வொர்த்துக்கு ஒரு நண்பர். பெயர் ரெய்ஸ்லி கால்வெர்ட். 1795இல் இளம் வயதிலேயே இறந்தவர், 900 பவுண்டை இவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். உத்தியோகம் தேடி அலையாமல் கவிதை எழுத முடிந்தது அந்தப் பணத்தால்தான். கோல்ரிட்ஜுக்குப் பீங்கான் தொழிலில் கொழித்த வெட்ஜ்வுட் குடும்பம் வருடம் 150 பவுண்ட் கொடுத்தது. ஷெல்லிக்குத் தாத்தா சொத்து. பைரன் பத்து வயதிலேயே பிரபு. நெசவு இயந்திரங்களை உடைத்த தொழிலாளிகளைத் தூக்கில் போடாதீர்கள் என்று 1812இல் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் பேசியவர் அவர், அதற்காக அவரைப் பிடிக்கும். ஆனால் அங்கே எழுந்து பேசவே பிரபுவாகப் பிறந்திருக்க வேண்டும்.

குதிரை லாயம் நடத்தியவரின் மகன் கீட்ஸ், மருந்து கொடுக்கும் தொழிலுக்குப் படித்தவர். மருந்துக்கடைக்கே திரும்பிப் போ என்று 1818இல் ஒரு பத்திரிகை அவரை விரட்டியது. அதில் விமர்சனத்தைவிடச் சாதித்திமிர் மாதிரியான ஒன்றுதான் அதிகம்.

இவர்கள் எல்லாரையும்விட என்னை உலுக்குகிறவர் ஜான் கிளேர். நார்த்தாம்ப்டன்ஷயரில் ஹெல்ப்ஸ்டன் என்ற ஊர், பண்ணைக் கூலி வேலை. பையனாக இருந்தபோது ஆசைப்பட்டு ஒரு கவிதைப் புத்தகம் வாங்கினார். வேலை நாளில் கூலிக்காரப் பையன் புத்தகமும் கையுமாக இருப்பதை யாராவது பார்த்தால்? பக்கத்துப் பர்லி மாளிகையின் மதில் ஏறிக் குதித்து, உள்ளே பூங்காவில் ஒளிந்துகொண்டு படித்திருக்கிறார். டாஃபடில்களை ரசித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடக்க வேர்ட்ஸ்வொர்த் எந்த மதிலும் ஏறவில்லை.

1809இல் சட்டம் போட்டு அந்த ஊரின் பொதுநிலத்தை வேலியடைத்துப் பெரிய நிலக்காரர்களுக்குப் பங்கு பிரித்தார்கள். நம்மூர் மேய்ச்சல் புறம்போக்கு பறிபோவதைப் போலத்தான். மாடு மேய்த்த இடமும் நடந்த பாதையும் அடைபட்டன. கொடுமை என்னவென்றால், வேலி போடும் கூலி வேலைக்கும் கிளேரே போக வேண்டியிருந்தது. வேறு கூலி ஏது?

1820இல் முதல் தொகுப்பு வந்தது. ஒரே வருடத்தில் 3,000 பிரதிகளுக்கு மேல் போனது. அட்டைக்கு அடுத்த பக்கத்திலேயே ‘குடியானவர்’ என்று முத்திரை. வேடிக்கை பார்க்க வந்த கனவான்களுக்காக வயலில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டும், அன்றைய கூலி போச்சு. ஊரைப் பற்றிய கவிதையில் செல்வத்தைச் சபித்திருந்தார். புரவலராக இருந்த ராட்ஸ்டாக் பிரபுவுக்கு அது பொறுக்கவில்லை. பிந்தைய பதிப்பில் அந்த வரிகளைக் காணோம். மதில் ஏறிக் குதித்தாரே, அந்தப் பர்லி மாளிகைப் பிரபுதான் வருடம் 15 பவுண்ட் உதவித்தொகை கொடுத்தார். கை நீட்டி வாங்கிய பிறகு எப்படிச் சபிப்பது?

1837இல் மனநலக் காப்பகம். 1841இல் அங்கிருந்து தப்பி, பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றுகொண்டே ஊர் வரைக்கும் நடந்தார். காப்பகத்தில் இருந்தபோது தன்னைப் பைரன் என்றே சொல்லிக்கொண்டு, பைரன் தலைப்புகளிலேயே கவிதைகள் எழுதியிருக்கிறார். கூலிக்காரனுக்குப் பித்துப் பிடித்தால் பிரபுவாகத் தோன்றுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, வேர்ட்ஸ்வொர்த்தைக் குறை சொல்கிறாயா என்று கமெண்டில் வருவீர்கள். இல்லை, அவர் வரிகள் இன்றும் பிடிக்கும். எளிய மக்களின் பேச்சுமொழியில் எழுதுவேன் என்று அவர் அறிவித்ததைப் பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்கிறோம் அல்லவா, அந்த 900 பவுண்டையும் கூலிக்காரன் ஜான் கிளேரையும் பதிலில் எழுதும் மாணவருக்கு இரண்டு மதிப்பெண் சேர்த்துப் போடுங்கள் என்கிறேன்.