அச்சம் துரோகத்தில் இல்லை, மயக்க மருந்தில் இருக்கிறது

இதய அறுவையின் நடுவே விழித்துக்கொண்டும் அசைய இயலாமல் கிடக்கும் நாயகனின் கதையான ‘அவேக்’ (2007) ஹாலிவுட் படத்தைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்று, அவன் மனைவியும் அறுவை மருத்துவரான நண்பனும் கூடிச் செய்யும் துரோகத்தையே விரித்துப் பேசிவிட்டு, கதையின் ஆணிவேரான மயக்க மருத்துவத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. பொது மயக்கம் என்பது நினைவை நீக்கும் மருந்து, வலிநீக்கி, தேவைப்பட்டால் தசைகளைத் தளர்த்தும் மருந்து ஆகியவற்றின் சேர்க்கை. முதலாவது மட்டும் குறைந்துபோனால் நோயாளி விழித்துக்கொண்டாலும் தசைத்தளர்வு மருந்தின் விளைவால் விரலைக்கூட அசைக்க இயலாது, மூச்சுக்குழாயில் குழாய் இருப்பதால் குரலும் எழாது. 2014-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 19,000 பொது மயக்கங்களுக்கு ஒன்று என்ற அளவில் நோயாளிகள் இவ்வாறு புகார் அளித்ததாகக் கூறியது. இதய அறுவையில் அந்த விகிதம் இன்னும் கூடுதல்.

நாகர்கோவிலில் என் மாமியாருக்கு அறுவை நடந்தபோது, மயக்க மருத்துவர் முந்தைய நாளே வந்து, கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லி, வாயைத் திறந்து பார்த்து, ஆடும் பல் உண்டா என்றுகூடக் கேட்டார். படத்தின் நாயகனோ கடைசி நேரத்தில் மாற்றாக வந்த குடிகார மருத்துவரிடம் உயிரை ஒப்படைக்கிறான். கோடீசுவரனான அவனுக்கு இது நடக்குமா என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். அவன் உடலைவிட்டு வெளியேறி மருத்துவமனையில் உலாவும் காட்சிகள்தான் எனக்குச் சற்றும் ஒட்டவில்லை.