மேம்பாலச் சாய்தளம் ஏன் அவ்வளவு நீளம்?

ரயில்வே மேம்பாலத்துக்கு இருபுறமும் 250 மீட்டர் சாய்தளம் தேவையில்லை, 100 மீட்டரே போதும், நிலம் எடுக்கத்தான் நீட்டுகிறார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நிலம் இழப்பவர்களின் வேதனை நியாயமானது. ஆனால் அந்த நீளம் உயரக் கணக்கிலிருந்து வருவது.

ரயில் பெட்டியின் உயரம் சுமார் நாலே கால் மீட்டர்தான். அதற்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. அதனால் தண்டவாளத்திலிருந்து பாலத்தின் அடிப்பகுதி வரை ஏறத்தாழ ஆறரை மீட்டர் இடைவெளி வேண்டும். கர்டரும் (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) அதன்மேல் வரும் தளமும் சேர்ந்து இன்னொரு 2 மீட்டர். ஆக, சாலை எட்டரை மீட்டர் ஏறியாக வேண்டும்.

சமவெளிச் சாலைக்கு, சாலை வடிவமைப்பு விதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் வழக்கமான சரிவு 30-க்கு 1, அதாவது 30 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றம். எட்டரையை 30-ஆல் பெருக்குங்கள்: 255 மீட்டர். உச்சியிலும் அடியிலும் வரும் வளைவுகளால் இன்னும் கொஞ்சம் கூடும். இடமே இல்லாத ஊரில் 20-க்கு 1 வரை போகலாம். அப்போதும் 170 மீட்டர். நூறு மீட்டரில் முடித்தால் சரிவு 12-க்கு 1 ஆகிவிடும். சுமை லாரி நடுவில் நின்று மீண்டும் கிளம்பத் திணறும், மழையில் பின்னால் வரும் பைக்குக்கு அது ஆபத்து.

சரிபார்க்க, நெடுஞ்சாலைத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட பாலத்தின் பொது அமைப்பு வரைபடத்தைக் கேளுங்கள். தண்டவாள மட்டம், இடைவெளி, சாலை மட்டம், சரிவு நான்கும் அதில் இருக்கும். தரை மட்டம் தண்டவாளத்தைவிடத் தாழ்வாக இருந்தால் அந்த வித்தியாசத்தையும் உயரத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.