தண்ணீரை 100 சதவீதத் திறனோடு பிரிக்கும் பொடியா?

"வெயிலில் வைத்தால் தண்ணீரை 100 சதவீதத் திறனோடு ஹைட்ரஜனாக்கும் பொடியை ஜப்பான் கண்டுபிடித்துவிட்டது, இனி காருக்குத் தண்ணீரே பெட்ரோல்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொடி இருப்பது உண்மை. மற்றதை நம்ப வேண்டாம்.

அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற அந்த ஒளி வினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்) பற்றிய ஆய்வு 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. அதில் உள்ள 96 சதவீதம், மேலே விழும் குறிப்பிட்ட புற ஊதா ஒளித்துகள்களில் எத்தனை பயன்படுகின்றன என்ற கணக்கு. வெயிலில் புற ஊதாவின் பங்கோ சில சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளி இந்தப் பொடியிடம் வீணாகவே போகிறது.

சரி, நிஜ வெயிலில் எவ்வளவு? டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுனாரி டோமென் குழு, இந்தப் பொடி பூசிய 25 செ.மீ. சதுரத் தகடுகள் 1,600-ஐ 100 சதுர மீட்டருக்குப் பரப்பிப் பார்த்தது. 2021-ல் வெளியான முடிவு: விழும் வெயிலின் ஆற்றலில் ஹைட்ரஜனில் சேர்ந்தது அதிகபட்சம் 0.76 சதவீதம். உச்சிவெயிலில் அந்தப் பரப்பில் சுமார் 100 கிலோவாட் விழும். ஹைட்ரஜனில் சேர்வது 760 வாட், அதாவது ஒரு வீட்டு மிக்ஸி இழுக்கும் அளவு. அதே இடத்தில் சாதாரண சோலார் பேனல் 20 கிலோவாட் அளவுக்குத் தரும்.

அதற்காக இது சின்னச் சாதனை இல்லை. திறந்தவெளியில் மாதக்கணக்கில் ஓட்டி, வெளிவந்த ஹைட்ரஜன்-ஆக்சிஜன் கலவையை வெடிக்காமல் சவ்வு வழியே பிரித்தெடுத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய வியப்பு.

அப்புறம் அந்தக் கார். தண்ணீர் எரிபொருள் அல்ல, ஹைட்ரஜன் எரிந்தபின் கிடைப்பது. அதைப் பிரிக்கும் ஆற்றல் முழுக்க வெயிலிலிருந்து வர வேண்டும். காரின் கூரையில் அதற்கு இடம் கிடையாது.